கதவுத் தொழிற்சாலையில் தச்சருக்கு வேலை இருக்கிறது
கணினி சொல்கிறபடி மரத்தை வெட்டும் சிஎன்சி இயந்திரம் வந்தபிறகு கதவுத் தொழிற்சாலைக்குத் தச்சர் தேவையில்லை, பொத்தானை அழுத்த ஆள் இருந்தால் போதும் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எனக்கு இதே கதவுத் தச்சு வேலைதான். இயந்திரம் அளவு பிசகாமல் வெட்டும், சரி, ஆனால் கதவுக்கு எடுக்கும் மெரந்தி மரத்தில் எந்தப் பலகையில் இழை முறுகி ஓடுகிறது, எது சூளையில் காய்ந்து வந்தும் பிறகு வளையும் என்று பார்த்து ஒதுக்குவது ஆள்தான். நம் ஊர் ஈரக்காற்றில் மரம் உப்பும், ஏர்கோன் அறையில் சுருங்கும், அதனால்தான் நடுப்பலகையைச் சட்டத்தில் வெட்டிய காடிக்குள், அதாவது நீளப் பள்ளத்துக்குள், பசை போடாமல் அசைய விடுகிறோம்; சட்டத்தின் மூலையில் பூசிய பசை உள்ளே வழிந்து பலகையைப் பிடித்துக்கொண்டால் அது பிளந்துவிடும், சட்டத்தைச் சேர்த்துப் பூட்டும்போதே அதைக் கவனிக்கப் பழகிய கை வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் இந்தத் தொழில் பக்கம் வருவதில்லை என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் வருத்தப்படுகிறார், தொழில் தெரிந்தவருக்கும் புதிதாக வந்தவருக்கும் ஒரே சம்பளம் என்றால் எப்படி வருவார்கள்?