களையெடுத்த கைக்குத் தப்பிய புல்தான் வரகு

சிறுதானியம் என்றாலே "ஆதித் தமிழன் உணவு" என்று எழுதிவிடுகிறோம். குரக்கன் (கேழ்வரகு) கிழக்கு ஆபிரிக்காப் புல். தினை பயிரானது வட சீனாவில். வரகு, சாமை, குதிரைவாலி மூன்றும் இந்தத் துணைக்கண்டத்துச் சரக்கு. அதிலும் வரகைத் தேடிப்போய் யாரும் கொண்டுவரவில்லை. நெல் வயலுக்குள் களையாக அதுவே வந்தது.

திருகோணமலைப் பக்கத்துத் தம்பலகாமத்து வயல்வெளிகளில் ஈரமான வரம்போரம் காட்டு வரகு நிற்கும். மழை ஏமாற்றும் வருசத்தில் நெல் கருகினாலும் அது கதிர் தள்ளிவிடும். பசியில் இருப்பவன் அதையும் சேர்த்து அறுப்பான். பிறகு அதன் விதையையே எடுத்து வைப்பான். கோதுமை வயலில் களையாக இருந்த றை தானியமும் இப்படித்தான் பயிரானது என்று ரஷ்யத் தாவரவியலாளர் வவிலோவ் 1917இலேயே எழுதினார்.

ஆனால் அறுத்தால் மட்டும் புல் பயிராகாது. காட்டுப்புல்லின் மணி பழுத்ததும் தானாகக் கொட்டும், அது பிழைக்கும் வழி. கதிரைக் கூடைக்குள் தட்டியெடுத்தால் கொட்டுகிற மணிதான் வீட்டுக்கு வரும், குணம் மாறாது. பழுத்தபின் அரிவாளால் அறுத்தால் கொட்டாமல் ஒட்டிநின்ற மணி வரும். அதையும் போன வருச நிலத்திலேயே விதைத்தால் பயனில்லை. கொட்டிய மணிகளும் அங்கே முளைத்துக் கலந்துவிடும். புது நிலத்தில் விதைக்க வேண்டும். காட்டை வெட்டி எரித்துச் சேனைப்பயிர் செய்தவர்கள் இடம் மாற்றி மாற்றி விதைத்தது இந்த விசயத்தில் பெரிய உதவி. அப்படியும் குணம் ஊன்ற நூற்றாண்டுகள் பிடிக்கும்.

களை பிடுங்குவதும் ஒரு தெரிவுதான். நெல்லைப்போல் தெரியாத புல்லைக் கை பிடுங்கிவிடும், நெல்லைப்போல் தெரிகிறது தப்பும். குதிரைவாலியின் இனத்துக் களைகள் இளம்பருவத்தில் நெல்லை ஏமாற்றும் அளவுக்கு ஒத்திருப்பது அதனால்தான். சந்தேகமென்றால் இலையும் தாளும் சேரும் இடத்தை விரித்துப் பாருங்கள். நெல்லுக்கு மெல்லிய சவ்வு நாக்கும் மயிர் வைத்த சின்னக் காதும் இருக்கும். இந்தப் புல்லுக்கு இரண்டும் இல்லை. குதிரைவாலியின் தாய்ப்புல் நாம் களைநாசினி அடித்துக் கொல்கிற களைகளில் ஒன்று என்பதையும் அப்போது நினைத்துக்கொள்ளலாம்.

வரகு இன்னும் முழுதாக வீட்டுக்கு அடங்கவில்லை என்பது என் எண்ணம். இயல்பில் அது பல ஆண்டு நிற்கிற புல், நாம்தான் ஒரு போகத்தில் முடிக்கிறோம். ஒரே வயலில் ஒரே நாளில் பழுக்காது. முந்திய கதிர் கொட்டுவதற்குள் அறுக்க வேண்டும், பிந்தியது பச்சையாகவே வரும். அந்த ஈரத்தோடு குவித்தாலும், அறுப்பில் மழை பிடித்தாலும் பூஞ்சணம் பற்றும். அதன் நஞ்சுதான் வரகு மயக்கம்: தலைச்சுற்று, வாந்தி, நடுக்கம். 2024 ஒக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கரில் 10 யானைகள் செத்தது இப்படிப்பட்ட வரகைத் தின்றுதான். எங்கள் மாரி ஒக்டோபரில் தொடங்கித் தை வரை இழுக்கும். மாரி விடுமுன் பழுக்கும்படி விதைத்தால் இதே ஆபத்து. நனைந்து மணம் மாறிய வரகை மாட்டுக்கும் வைக்காதீர்கள்.