நகைதான் முதலில் வருகிறது

ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் ஒலிப்பதிவைக் கேட்டிருப்பீர்கள். அதனால் முழுதாகத் திரும்பச் சொல்லவில்லை. டெர்ரி பிராட்செட்டும் நீல் கெய்மனும் சேர்ந்து எழுதிய 'குட் ஓமன்ஸ்' என்ற ஆங்கில நாவலைப் பற்றி ஒரு நண்பர் அங்கே சொன்னது இது: "உலகம் அழியறத வெச்சு நக்கல் பண்ணிருக்காங்க, ரெண்டு பஸ் பயணத்துக்குத் தாங்கும், அவ்ளோதான். அடிக்குறிப்பெல்லாம் நான் படிக்கவே இல்ல, கதைக்கு அது தேவையும் இல்ல." இந்த இரண்டு வாக்கியத்துக்குத்தான் இந்தப் பதிவு. முதலாவது ஒரு கருத்து, யாருக்கும் இருக்கலாம். இரண்டாவதைத்தான் என்னால் விட முடியவில்லை. படிக்காமல் விட்ட பகுதி தேவையில்லாதது என்று படிக்காதவருக்கு எப்படித் தெரிந்தது?

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. 'குட் ஓமன்ஸ்' நாவலில் சிரிப்புதான் கதையைத் தாங்கி நிற்கிறது. சிரிப்பை உருவிவிட்டால் கதை சரிந்துவிடும். கதை தனியாக, ஜோக் தனியாக அதில் இல்லை.

எடுத்துக்காட்டு சொல்கிறேன். (முடிவு தெரிந்தால் படிக்க முடியாது என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.) லண்டனைச் சுற்றி எம்25 என்று ஒரு நெடுஞ்சாலை இருக்கிறது. சுமார் 188 கிலோமீட்டர் வட்டம், 1986-ல் முழுமையடைந்தது. திறந்த நாளிலிருந்தே நெரிசலுக்குப் பேர்போனது. நாவல் வந்தது 1990-ல். அதில் குரோலி என்கிற சாத்தானின் ஆள் இந்தச் சாலையின் வடிவத்தையே ரகசியமாக மாற்றிவிட்டதாக வருகிறது. கம்ப்யூட்டரில் கொஞ்சம் கைவரிசை, சிலருக்கு லஞ்சம், ஒரு ராத்திரி சேற்று வயலில் இறங்கி அளவுக் குச்சிகளைக் கொஞ்சம் நகர்த்தி நடுவது. அவ்வளவுதான் வேலை. சாலை ஒரு தீய மந்திரச் சின்னமாகிவிடுகிறது. அதில் மாட்டிக்கொண்டு எரிச்சலில் புழுங்கும் ஒவ்வொரு ஓட்டுநரும் தன்னையறியாமல் அந்த மந்திரத்துக்கு எண்ணெய் ஊற்றுகிறார். படிக்கும்போது சிரித்துவிட்டுக் கடந்துவிடுவோம். சனிக்கிழமை, உலகம் முடியப் போகிற அன்று, அதே சாலை தீ வளையமாக எரிகிறது. குரோலி அதைத் தாண்டித்தான் போயாக வேண்டும். தான் நட்ட குச்சி தன் வழியிலேயே வந்து நிற்கிறது. முன்னால் வந்த ஜோக் இல்லையென்றால் இந்த இடம் வெறும் கார் துரத்தல். இருப்பதால்தான் அங்கே வினை இருக்கிறது, பயம் இருக்கிறது, அந்த ஆள் மேல் ஒரு பரிவும் வருகிறது.

இன்னொன்று. கதையில் நியூட்டன் பல்சிஃபர் என்று ஒரு இளைஞன், அவன் தொட்ட மின்சாதனம் எதுவும் உருப்படாது. பையனாக இருந்தபோது ஒரு எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகையில் வேடிக்கைக்காக ஒரு மின்சுற்று வரைபடம் போட்டிருக்கிறார்கள், எதுவுமே செய்யாதபடி வடிவமைத்தது. இவன் அதைச் செய்து பார்க்கிறான். மாஸ்கோ வானொலி கேட்கிறது! வேலை செய்யக் கூடாத சாதனத்தைக்கூட இவனால் சரியாகச் செய்ய முடியவில்லை. சிரிக்கிறோம். கடைசியில் விமானத் தளத்தில் அணு ஏவுகணைக் கணினிகள் உலகத்தை அழிக்கத் தயாராக நிற்கும்போது அதன் முன்னால் வந்து உட்காருபவன் இவன்தான். அவன் அதைச் 'சரிசெய்ய' வேண்டும், அவ்வளவுதான் தேவை. முன்னால் முறுக்கி வைத்த திருகாணி அங்கே வந்து பிடிக்கிறது. இதைப் போய் "நடுநடுவே காமெடி" என்று சொன்னால் என்ன பதில் சொல்வது?

இப்போது அடிக்குறிப்பு. இதைப் பொறுமையாகவே சொல்கிறேன்.

அச்சுப் புத்தகத்தில் நட்சத்திரக் குறி போட்டு அதே பக்கத்தின் அடியில் இருக்கும். கண் கீழே இறங்கி மேலே வர இரண்டு விநாடி. ஜோக்கின் பாதி மேலே, பாதி கீழே. அந்த இரண்டு விநாடி இடைவெளியைக் கணக்கு வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள். மின்னூலில் படிப்பவர்களுக்குப் பிரச்சினை இங்கேதான் வருகிறது. சில கோப்புகளில் குறியைத் தொட்டால் அதே பக்கத்தில் சின்னப் பெட்டியாகத் திறக்கும். அது நல்லது. சிலவற்றில் எல்லா அடிக்குறிப்பையும் கொண்டுபோய்க் கடைசியில் கொட்டியிருப்பார்கள். தொட்டால் அங்கே தாவும், திரும்பி வருவதற்குள் வாக்கியம் மறந்துபோகும். நாலு முறை இப்படி ஆனதும் மனிதர் தொடுவதை விட்டுவிடுவார். புத்தகம் பாதியாகிவிடும். உங்கள் கோப்பு அப்படித் தாவுகிறது என்றால் அதை மூடிவிட்டு அச்சுப் பிரதி தேடுங்கள், நூலகத்திலாவது. இது அலங்கார யோசனை இல்லை. தாளம் போனால் நகைச்சுவை போய்விடும்.

அந்தப் பழைய பிரிட்டிஷ் காசு பற்றிய அடிக்குறிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். சூனியக்காரிகளைப் பிடிக்கும் படையின் சம்பளக் கணக்கு வருகிற இடம். இளையவர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் விளக்கம் என்று தொடங்கி, காலணா அரையணா மாதிரிச் சில்லறைகளை அடுக்கிக்கொண்டே போய், தசம முறை ரொம்பச் சிக்கல் என்று பிரிட்டிஷார் நெடுங்காலம் எதிர்த்தார்கள் என்று முடியும். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, ஆக 240 பென்ஸ். 1971 பிப்ரவரி 15-ல்தான் அவர்கள் 100-க்கு மாறினார்கள். நம்மிடம் 1957 ஏப்ரல் வரை 16 அணா, 192 பை. "பதினாறு அணாவும் உண்மை" என்று இன்னும் சொல்கிற மக்களுக்கு அந்த அடிக்குறிப்பு புரியாது என்று எப்படிச் சொல்லலாம்? தன் பழக்கத்தை இயற்கை நியதி என்று நம்பும் மனிதர்களைப் பற்றிய நாவல் இது. அந்தக் குறிப்பு அதை ஒரே பத்தியில் சொல்லிவிடுகிறது. தேவையில்லாததாம்.

உலக முடிவைக் கொண்டுவரும் நான்கு குதிரைவீரர்கள் ஆட்களாக வரும் இடமும் இப்படித்தான். படிப்பதற்கு முன் தமிழ் விவிலியத்தில் வெளிப்படுத்தின விசேஷம் ஆறாம் அதிகாரம், முதல் எட்டு வசனம் படித்துவிடுங்கள். ஐந்து நிமிடம் ஆகாது. வெள்ளைக் குதிரைக்காரனுக்குக் கிரீடம், சிவப்புக் குதிரைக்காரனுக்குப் பட்டயம், கருப்புக் குதிரைக்காரன் கையில் தராசு, மங்கின நிறக் குதிரையில் மரணம். நாவலில் கிரீடமும் வாளும் தராசும் கூரியர்க்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு தரும் பொட்டலங்களாக வருகின்றன. தராசு போய்ச் சேர்வது பஞ்சத்திடம். பஞ்சம் அங்கே உடல் இளைக்கப் புத்தகம் எழுதி, சத்தே இல்லாத உணவு விற்கும் தொழிலதிபர். நிறைய இருக்கும் ஊரில் மனிதனை எப்படிப் பட்டினி போடுவது என்று கண்டுபிடித்தவர். கொள்ளைநோய் 1936-ல் பென்சிலினைத் திட்டிக்கொண்டே ஓய்வு பெற்றுவிட்டது, அந்த இடத்துக்கு மாசு வந்துவிட்டது. 2020-ஐப் பார்த்தவர்கள் அந்த வரியை எடுத்துப் படியுங்கள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடும். அப்படி நிற்க வைக்கத் தெரிந்தவர்களைத்தான் "நக்கல் பண்ணிருக்காங்க" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார்.

இனி என்னென்ன வரும் என்று தெரியும்.

"தொலைக்காட்சித் தொடராக வந்துவிட்டதே, அதைப் பார்த்தால் போதாதா?" 2019-ல் ஆறு பகுதியாக வந்தது. மைக்கேல் ஷீனும் டேவிட் டென்னன்ட்டும் அருமையாகச் செய்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. வானவன் அசிரஃபேலின் புத்தகக் கடையில் டெர்ரி பிராட்செட்டின் தொப்பியைத் தொங்கவிட்டிருப்பார்கள், அவர் 2015-லேயே போய்விட்டார், அதைப் பார்த்ததும் யாருக்கும் கலங்கும். ஆனால் கதைசொல்லியின் குரலையும் அடிக்குறிப்பின் வேலையையும் கடவுளின் குரலிடம் கொடுத்தார்கள். குரலுக்கு ஓரளவுதான் நேரம் கிடைக்கும். மிச்சமெல்லாம் புத்தகத்தில்தான் இருக்கிறது.

"பாத்திரங்கள் அதிகம், குழப்பம்." உண்மைதான். முதல் பகுதியில், பதினோரு ஆண்டு முன்பு சாத்தானின் குழந்தை வேறு குழந்தையோடு மாறிப்போகும் இடத்தில், மூன்று குழந்தை, இரண்டு குடும்பம், ஒரு கன்னிமாடம் எல்லாம் ஒரே மூச்சில் வரும். பலர் புத்தகத்தை வைத்துவிடுவது அங்கேதான். ஒரு தாளில் மூன்று கோடு போட்டுக்கொண்டால் தீர்ந்தது. முகப்பில் பாத்திரப் பட்டியலும் இருக்கிறது. அதை மனப்பாடம் செய்ய வேண்டாம், தேவைப்படும்போது திருப்பிப் பார்த்தால் போதும்.

"காதல் பகுதி மெலிசு." ஆமாம், மெலிசுதான்.

"மதத்தைக் கேலி செய்கிறது." இதற்கு மட்டும் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். இந்த நாவல் யாருடைய பக்தியையும் தொடவில்லை. உலகத்தை முடித்தே தீர வேண்டும் என்று சொர்க்கமும் நரகமும் ஒரே குரலில் நிற்கும்போது, அசிரஃபேல் கேட்கும் கேள்வியைக் கவனியுங்கள். மகா திட்டம் என்கிறீர்கள், அதுவும் கடவுளின் சொல்லில் அடங்காத திட்டமும் ஒன்றுதானா? உறுதியாகத் தெரியுமா? யாருக்கும் தெரியவில்லை. ஆறாயிரம் வருஷமாக இரண்டு படையும் ஆயுதம் தீட்டியிருக்கிறது, ஒருத்தரும் இதைக் கேட்கவில்லை. இதில் கேலிக்கு ஆளாவது கடவுள் இல்லை. கடவுளின் மனம் தனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்கிறவர்கள்தான்.

எழுதிய இருவரில் நீல் கெய்மன் மீது 2024-லிருந்து பல பெண்கள் பாலியல் குற்றச்சாட்டுகளைச் சொல்லியிருக்கிறார்கள், அவர் மறுத்திருக்கிறார். அதனால் இந்தப் புத்தகத்தைத் தொட மாட்டேன் என்பவரோடு எனக்கு வாதம் இல்லை. அது அவருடைய மனசாட்சி. ஞாயிற்றுக்கிழமை பேச்சில் அது வரவே இல்லை. அங்கே சொன்ன காரணம் 'சிரிக்க வைக்கிறது, அதனால் இலேசானது' என்பது மட்டும்தான்.

அந்தக் காரணம்தான் வலிக்கிறது. தமிழில் இதைச் சொல்வது இன்னும் வலிக்கிறது. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடு, அதாவது உடலில் வெளிப்படும் எட்டு உணர்ச்சி, சொல்கிறது. முதலில் எது? நகை. அழுகைக்கும் முன்னால், அச்சத்துக்கும் பெருமிதத்துக்கும் முன்னால் நகை. அது பிறக்கும் இடம் நான்கு என்றும் வகுத்திருக்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இந்த நான்கையும் வைத்துக்கொண்டு அந்த நாவலைத் திறந்து பாருங்கள். எம்25 எள்ளல். இளமைக்கு ஆதம் என்கிற பதினோரு வயதுப் பையன், மாறிப்போன அந்தச் சாத்தானின் குழந்தை. நரகத்திலிருந்து அவனுக்காக அனுப்பிய கொடூர வேட்டைநாய் தன் பெயர் என்னவாக இருக்கும் என்று காத்திருக்கிறது. இவன் ஆசைப்படுவதோ குட்டி நாட்டுநாய், வைக்கும் பெயர் 'நாய்'. பெயர் வைத்த மாத்திரத்தில் அது வாலாட்டும் குட்டியாகிவிடுகிறது. பேச்சு சுவாரசியத்தில் குழந்தையை மாற்றிக் கொடுக்கும் கன்னியாஸ்திரீ பேதைமை. மடன் என்றால் கேட்டதை ஆராயாமல் மெய்யென்று பிடித்துக்கொள்வது. இரண்டு படையும் அதில்தான் நிற்கிறது. உலகத்தை அழிக்கப் பார்ப்பதே மடன்தான். இவ்வளவு நுட்பமாக நகையை வகுத்து வைத்த மொழியில் உட்கார்ந்துகொண்டு, சிரிக்கும் புத்தகம் என்றால் பஸ்ஸுக்கு என்று சொல்கிறோம். அழவைக்கும் புத்தகத்தை யாராவது "ரெண்டு பயணத்துக்குத் தாங்கும்" என்று சொல்வார்களா? சோகம் என்றால் எழுந்து நிற்கிறோம். நகை என்றால் திண்ணையில் உட்கார வைக்கிறோம்.

உலகம் அழிவதை வைத்துச் சிரிக்கலாமா என்றும் ஒரு குரல் கேட்டது. அந்த நாவல் எழுதப்பட்ட எண்பதுகளின் இறுதியில் இங்கிலாந்தின் கிரீன்ஹம் காமன் தளத்தில் அமெரிக்க அணு ஏவுகணைகள் நிஜமாகவே நின்றுகொண்டிருந்தன. பிராட்செட் 1987 வரை மின்வாரியத்தில் பத்திரிகைத் தொடர்பு அலுவலர். அவர் பார்த்த பகுதியில் அணுமின் நிலையங்கள் இருந்தன. நாவலில் ஒரு அணு உலை காணாமல் போய், அந்த இடத்தில் ஒரு எலுமிச்சை மிட்டாய் மட்டும் கிடக்கும், நிர்வாகி பத்திரிகைக்காரர்களிடம் மாட்டிக்கொள்வார். அந்தக் காட்சியை இதை நினைவில் வைத்துப் படியுங்கள். பயம் தெரியாதவர்கள் எழுதியது அல்ல. இருவரும் தினம் தொலைபேசியில் பேசி, ஃப்ளாப்பி வட்டுகளைத் தபாலில் அனுப்பி, ஒருவர் எழுதியதில் மற்றவர் கைவைத்து முடித்தது. மறுமுனையில் இருப்பவரைச் சிரிக்க வைக்க வேண்டும் என்ற ஆசை ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. பயத்தில் இருக்கும் இன்னொருவரைச் சிரிக்க வைப்பது சின்ன வேலையா?

நண்பருக்கு ஒரு வேண்டுகோள். கோபமாகச் சொல்லவில்லை. புத்தகம் சுமார் 400 பக்கம், கிழமை கிழமையாகப் பிரித்திருக்கும், சனிக்கிழமைதான் ஆக நீளம். முழுதாக வேண்டாம், சனிக்கிழமையை மட்டும் இரண்டு மாலையாகப் பிரித்து, அடிக்குறிப்போடு திரும்பப் படியுங்கள். நியூட்டனின் மூன்று சக்கரக் காருக்கு டிக் டர்பின் என்று பெயர். ஏன் அந்தப் பெயர் என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று அவன் புத்தகம் நெடுகக் காத்திருக்கிறான். டிக் டர்பின் பதினெட்டாம் நூற்றாண்டு வழிப்பறிக்காரன், நெடுஞ்சாலையில் வண்டிகளை நிறுத்துகிறவன். அதற்கு மேல் நான் சொல்லமாட்டேன். பதில் வரும் பக்கத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த ஞாயிறு வாருங்கள், அங்கிருந்து பேசுவோம்.