டைரியைப் பங்கு போடாதீர்கள்

ஜூலை 24 வந்தால் அமெரிக்காவில் எங்கள் யூட்டா மாநிலத்துக்கே விடுமுறை. 1847-இல் பிரிகாம் யங் தலைமையில் மார்மன்கள் (அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவச் சபையினர்) மாட்டு வண்டிகளில் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்த நாள். ஊர்வலம், பட்டாசு என்று ஊரே அமர்க்களப்படும். இந்த வருடம் அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டம்மா, வண்டி கட்டி வந்த தன் முன்னோர் பாட்டி ஒருவரின் டைரியைக் காட்டினார். டைரி என்றால் மொத்தம் 11 தாள். மீதி எங்கே என்று கேட்டால், பேரப்பிள்ளைகள் ஞாபகார்த்தமாக ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக்கொண்டார்களாம். இருக்கிற தாளிலும் கிழிசலுக்கு யாரோ செலோடேப் ஒட்டி, பசை ஊறி, அந்த இடத்தில் எழுத்தே பழுப்புக் கறையாகிவிட்டது.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வெள்ளம், எலி எல்லாம் அப்புறம், குடும்பக் காகிதங்களுக்கு முதல் எதிரி குடும்பப் பாசம்தான்.

இத்தனைக்கும் எழுதி வைப்பதை மதக் கடமையாகவே நினைத்த ஜனங்கள் இவர்கள். அந்தப் பயணத்தில் வில்லியம் கிளேட்டன் என்பவர் வண்டிச் சக்கரத்தில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, அது எத்தனை சுற்று சுற்றுகிறது என்று நாள் பூராவும் எண்ணி (360 சுற்று ஒரு மைல்) தூரத்தை டைரியில் குறித்தார். பாவம், அலுத்துப் போய்த்தான் பிறகு எண்ணுவதற்கென்றே மரப் பல்சக்கரக் கருவி வந்தது.

பேட்டி செஷன்ஸ் என்ற மருத்துவச்சி 52 வயதில் தானே வண்டியோட்டி வந்தவர். யாருக்கு ஆண், யாருக்குப் பெண் என்று ஒற்றை வரியில் பிரசவக் கணக்கு எழுதிக்கொண்டே போகிறார், நடுவில் திடீரென்று, கணவர் கூட்டி வந்த இன்னொரு மனைவியால் படும் வேதனை. இப்படிப்பட்ட வரிகளைத்தான் குடும்ப வரலாறு அச்சடிக்கும்போது 'தாத்தா பெயர் கெட்டுவிடும்' என்று முதலில் வெட்டுவார்கள். எனக்கென்னவோ அந்த வரிகளுக்காகவே டைரி பிழைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

காகிதத்தில் ஏறாமலே போனதும் உண்டு. ஹுவானிடா புரூக்ஸ் இளம் பள்ளி ஆசிரியையாக இருந்தபோது, நெஃபி ஜான்சன் என்ற பெரியவர் வந்து, தன் கண் பார்த்து நாக்கு சொல்லாத ஒன்றை எழுதிக்கொள்ளச் சொன்னார். அப்புறம் பார்க்கலாம் என்று இவர் தள்ளிப் போட்டார். 1919-இல் போனபோது பெரியவர் மரணப் படுக்கையில், நினைவு தப்பி, ரத்தம், ரத்தம் என்று கத்திக்கொண்டிருந்தார். 1857-இல் யூட்டாவின் தெற்கே மவுண்டன் மெடோஸ் என்ற இடத்தில், வழிப்போக்கர் சுமார் 120 பேரை மார்மன் படையினர் கொன்றபோது அங்கே இருந்தவர் அவர். புரூக்ஸ் பிறகு வருடக்கணக்கில் வீடு வீடாகப் பழைய டைரிகளைத் தேடி, தட்டச்சுப் பிரதிகள் எடுக்க வைத்து, 1950-இல் அந்தப் படுகொலையைப் பற்றி எழுதினார். அவரும் மார்மன்தான், சொந்த ஜனங்களே முகம் கொடுக்கவில்லை.

அதனால் சொல்கிறேன், ஸ்கேன் பிரதியை ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள், மூலம் முழுசாக ஒரே இடத்தில் இருக்கட்டும். மார்மன் சபையின் வரலாற்று நூலகம் இருக்கிறது, பல்கலைக்கழக நூலகங்கள் இருக்கின்றன. அங்கே கொடுக்க மனசில்லையா, சரி, காகிதத்தை அரிக்காத, அமிலமில்லாத பெட்டியில் போட்டு வீட்டிலேயே வையுங்கள். டேப் மட்டும் வேண்டாம், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

பக்கத்து வீட்டம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் இரண்டு தாளை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறாராம், வெயில் விழுகிற ஜன்னலுக்கு நேர் எதிரே. சனிக்கிழமை ஸ்கேனரோடு போகிறோம்.