மாக் டிரில் கேட்டுக்கு உள்ளே, கேஸ் கேட்டுக்கு வெளியே

2023 டிசம்பர் 26 நள்ளிரவு. எண்ணூரில் கப்பலிலிருந்து உர ஆலைக்கு வரும் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண்ணும் தொண்டையும் எரிய எழுந்து, பிள்ளைகளை அள்ளிக்கொண்டு, கிடைத்த பைக்கிலும் ஆட்டோவிலும் ஏறி ஓடினார்கள். அப்புறம் நடந்த பேச்செல்லாம் குழாயைப் பற்றியும் இழப்பீட்டைப் பற்றியும் ஆலையைத் திறப்பதைப் பற்றியும்தான். பேச வேண்டியவைதான். ஆனால் அந்த ஜனங்களுக்கு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அதற்கு முன்னால் யாராவது சொல்லிக் கொடுத்திருந்தார்களா?

ரசாயன ஆலைகளில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். மாக் டிரில், அதாவது விபத்து ஒத்திகை, எப்படி நடக்கும் என்று தெரியும். தேதி முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும். காலை பதினோரு மணி வாக்கில் சைரன் ஏறி இறங்கி ஊளையிடும். எல்லோரும் கூட வேண்டிய அசெம்பிளி பாயிண்டில் ஷிஃப்ட் ஆட்கள் வரிசையாக நிற்க, தலை எண்ணுவார்கள். ஒருவரை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைப்பார்கள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மயங்கிக் கிடப்பார். ஆபத்து நீங்கியது என்று ஆல் கிளியர், போட்டோ, டீ, வடை. சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போடும் பெண்ணுக்கு அந்த ஊளை தினசரி சத்தங்களில் ஒன்று, அவ்வளவுதான்.

சட்டம் இப்படிச் சொல்லவில்லை. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு வந்த 1989ஆம் ஆண்டு அபாயகர ரசாயன விதிகளின்படி, ஆலைக்குள் நடக்கும் ஒத்திகை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. வெளியே இருக்கும் ஊருக்கான திட்டம் தனி. அதற்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒத்திகை பார்க்க வேண்டும். என்ன ஆபத்து, வந்தால் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று சுற்றியுள்ளவர்களுக்குச் சொல்வது ஆலையின் கடமை. பெரும்பாலும் இதெல்லாம் ஃபைலில் பத்திரமாக இருக்கும்.

சைரனின் கதையும் அப்படித்தான். 1984இல் போபாலில் ஊருக்கான சைரன் கொஞ்ச நேரம் ஒலித்து நிறுத்தப்பட்டது. 2020 மே மாதம் விசாகப்பட்டினத்தில் ஓர் ஆலையில் ஸ்டைரீன் என்ற ரசாயனம் கசிந்து 12 பேர் இறந்தார்களே, அங்கே சைரனை ஒலிக்கவிட 36 இடங்களில் வசதி இருந்தும் யாரும் அழுத்தவில்லை என்று ஆந்திர அரசின் விசாரணைக் குழுவே சொன்னது. இடையில் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல்.

சொல்லித் தர வேண்டியது மலையளவு ஒன்றும் இல்லை. கேஸ் வரும் திசையை நோக்கி ஓடினால் கசிவுக்குள்ளேயே போவீர்கள். காற்றோடு சேர்ந்து ஓடினால் அது துரத்திக்கொண்டே வரும். காற்றுக்குக் குறுக்கே விலகி நடக்க வேண்டும். அம்மோனியா காற்றைவிட லேசானதுதான், ஆனால் குளிர்ந்த திரவமாகக் கசியும்போது ஈரக்காற்றோடு சேர்ந்து வெள்ளைப் புகையாய்த் தரையை ஒட்டிப் பரவும். அது தண்ணீரில் நன்றாகக் கரையும். அதனால் ஈரத்துணியை மூக்கில் பிடித்தால் ஓரளவு தாங்கும். வெளியேற வழியில்லை என்றால் கதவு ஜன்னலை அடைத்து, இடுக்குகளில் ஈரத்துணி வைத்து, ஏசியையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் நிறுத்த வேண்டும். (ஷீட் போட்ட வீட்டில் எதை அடைப்பது என்று கேட்பீர்கள். நியாயம். அங்கே முன்கூட்டியே வரும் எச்சரிக்கை ஒன்றுதான் வழி.)

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆலைக்குள் காற்றின் திசை பார்க்க கம்பத்தில் துணிக்குழாய் கட்டியிருப்பார்கள். குப்பத்து மீனவருக்கு அது தேவையே இல்லை. வாடையா, கொண்டலா, கச்சானா என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். காற்றை இவ்வளவு தெரிந்தவர்களிடம் கேஸைப் பற்றி ஒரு வார்த்தை பேச யாருக்கும் தோன்றவில்லை.

நான் கேட்பது இதுதான்: ஒரு ஒத்திகையாவது இரவு இரண்டு மணிக்கு, கேட்டுக்கு வெளியே, தெருக்காரர்களை வைத்து நடக்கட்டும். வயதானவர்களை யார் கூட்டிப்போவது, வண்டி எங்கே நிற்கும், எந்தப் பள்ளிக்கூடம் திறந்திருக்கும், அதன் சாவி யாரிடம் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியவரும். மணலி, எண்ணூர், கடலூர் சிப்காட் பக்கம் இருக்கிறவர்கள் உங்கள் கவுன்சிலரிடமோ கிராம சபையிலோ ஊருக்கான அவசரத் திட்டம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று கமெண்டில் எழுதுங்கள்.