மூளை ஸ்கேன்ல பொய் மாட்டிக்குமா? அந்த மெசேஜை நம்பாதீங்க

"மூளையை ஸ்கேன் பண்ணா பொய் நூறு சதவீதம் மாட்டிக்கும், கோர்ட்டும் அதை சாட்சியா ஏத்துக்குது"ன்னு ஒரு ஃபார்வர்ட் சுத்துது. ரெண்டுமே தப்பு.

இதுக்கு பயன்படுத்துற எஃப்எம்ஆர்ஐங்கிற மூளை ஸ்கேன் பொய்யை பார்க்கிறதே இல்ல, மூளையில எந்தப் பகுதிக்கு ஆக்சிஜன் உள்ள ரத்தம் கூடுதலா போகுதுன்னு தான் பார்க்குது, அதுவும் சில செகண்ட் லேட்டா, அதை வச்சு பொய்னு சொல்றது ஒரு கணிப்பு. பதட்டப்பட்டாலும் மூளை வேலை செய்யும்ல? தலையை அசைச்சாலே படம் கெட்டுப்போகும்.

அமெரிக்காவுல செம்ராவ் வழக்குன்னு ஒரு மோசடி கேஸ், குற்றம் சாட்டப்பட்டவரே விரும்பி இந்த டெஸ்ட் எடுத்தார். ஒரு ஸ்கேன்ல உண்மைன்னு வந்துச்சு, அடுத்ததுல பொய்னு வந்துச்சு, அப்புறம் அசதியா இருந்தார்னு சொல்லி மறுபடி எடுத்து உண்மைன்னாங்க (வசதி தான்!). கோர்ட் ஏத்துக்கல, 2012ல அப்பீல்லயும் அதே முடிவு.

இந்தியாவுல 2010 மே 5 வந்த செல்வி எதிர் கர்நாடகா தீர்ப்புல, சம்மதம் இல்லாம நார்கோ (மருந்து கொடுத்து அரை மயக்கத்துல கேள்வி கேட்கிறது), பாலிகிராஃப் (நாடித்துடிப்பு, மூச்சு மாதிரி விஷயங்களை வச்சு பொய்யைக் கண்டுபிடிக்க பார்க்கிறது), பிரெயின் மேப்பிங் (மூளையோட மின் அலைகளை அளக்கிறது) எதுவும் பண்ணக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, சம்மதிச்சு எடுத்தாலும் ரிசல்ட் அப்படியே சாட்சி ஆகாது. சுப்ரீம் கோர்ட் வெப்சைட்ல தீர்ப்பு இருக்கு, பார்த்துக்கலாம். அந்த மெசேஜ் வந்தா தயவுசெஞ்சு வேற யாருக்கும் அனுப்பாதீங்க.