வெளியே பனி, உள்ளே பனியன்

தில்லிக்கு வந்து பதினெட்டு வருஷமாகிறது. இந்தக் குளிரைப் பற்றி ஊரில் யாரிடம் சொன்னாலும் "ஊட்டி மாதிரிதானே?" என்கிறார்கள். வெளியே 6 டிகிரி இருப்பது பெரிய விஷயமில்லை. வீட்டுக்குள் 13 இருப்பதுதான் கொடுமை. மயூர் விஹாரில் நாங்கள் இருக்கும் வீடு மே மாத வெயிலை நினைத்துக் கட்டியது. மொசைக் தரை, சரியாகச் சாத்தாத ஜன்னல், கதவுக்கடியில் விரல் நுழைகிற இடைவெளி. 2019 டிசம்பர் 30 அன்று தில்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பகலின் உச்ச வெப்பமே 9.4 டிகிரிதான். 1901க்குப் பிறகு டிசம்பரில் அப்படி ஒரு பகல் இருந்ததில்லை. சமையல் முடிந்தும் அம்மா அன்று அடுப்பை விட்டு நகரவே இல்லை.

இங்கே எந்தத் தமிழர் வீட்டுக்குப் போனாலும் ஒரே காட்சி. சுவரில் ஏசி, பழைய படுக்கை விரிப்பில் தைத்த உறை போட்டு மார்ச் வரை தூங்குகிறது. அதற்கு நேர் கீழே கம்பி ஹீட்டரோ எண்ணெய் ஹீட்டரோ யூனிட்டைக் குடித்துக்கொண்டிருக்கிறது. போன வருஷம் வரை எங்கள் வீடும் இப்படித்தான். இப்போது குளிர்காலத்தில் சூடும் தருகிற ஏசி, அதாவது ஹீட் பம்ப், மாட்டிவிட்டோம். அந்த ஹீட்டர்களைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது.

ஹீட்டர் மின்சாரத்தை வெப்பமாக மாற்றுகிறது. ஒரு யூனிட் கொடுத்தால் ஒரு யூனிட் வெப்பம். எந்தக் கொம்பன் செய்த ஹீட்டரானாலும் அதற்குமேல் வராது. ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதே இல்லை, வெளியில் இருப்பதைச் சுமந்து உள்ளே கொண்டுவருகிறது. கரண்டு வெறும் சுமைகூலி. ஒரு யூனிட் கூலிக்கு எங்கள் தில்லி இரவில் மூன்று யூனிட் வெப்பம் வந்து இறங்கும். கடையில் 'ஹாட் அண்ட் கோல்ட் ஏசி' என்று விற்பது இதைத்தான். கோடையில் உள்வெப்பத்தை வெளியே தள்ளுகிற அதே இயந்திரம், ஒரு வால்வு திரும்பியதும் வேலையை மாற்றிச் செய்கிறது.

"வெளியே குளிராத்தானே இருக்கு, வெப்பம் எங்கேர்ந்து வரும்?" என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்வி. குழாயில் ஓடுகிற ஆர்-32 வாயு, சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மைனஸ் 10 டிகிரிக் காற்றும் காய்ந்த தோசைக்கல் மாதிரி. அதிலிருந்து வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு வரும், கம்ப்ரஸர் அமுக்கியதும் சூடேறும். புதுச் சரக்கும் இல்லை. ஸூரிக் நகர மண்டபத்தை 1938லேயே லிம்மட் ஆற்றுத் தண்ணீரிலிருந்து வெப்பம் எடுத்துச் சூடாக்கினார்கள். இன்று ஐரோப்பாவில் வீடுகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பார்த்தால் ஹீட் பம்ப் அதிகம் இருப்பது நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்தில்தான். தம்பி மகன் ஆஸ்லோவில் இருக்கிறான். வீடியோ காலில் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே பனி, உள்ளே பையன் பனியனோடு உட்கார்ந்து மாகி சாப்பிடுகிறான். அங்கே மைனஸ் 15. இங்கே 6 டிகிரிக்கு நான் குல்லாயும் மஃப்ளருமாக.

ஆனால் நான் முதலில் கேட்டுப்போன கடைக்காரர், "சார், அதெல்லாம் தில்லிக் குளிருக்கு எடுக்காது" என்று சொல்லி ஒரு எண்ணெய் ஹீட்டரைத் தலையில் கட்டிவிட்டார். அந்த ஜனவரியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2000 வாட், தினம் ஐந்து மணி நேரம், மாதம் 300 யூனிட். தில்லியில் 200 யூனிட் வரை இலவசம், 400 வரை பாதி மானியம், அதைத் தாண்டினால் ஒன்றும் கிடையாது. வீட்டின் மற்றச் செலவோடு இந்த 300ம் சேர்ந்து எங்களை அந்த 400 கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டது. அதே வெப்பத்துக்கு ஹீட் பம்ப் கேட்பது சுமார் 100 யூனிட்.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். சூடான காற்று மேலே போய்க் கூரையில் ஒட்டிக்கொள்ளும், கால் சில்லென்றே இருக்கும். காற்றைத் தரையைப் பார்த்துத் திருப்பிவிட வேண்டும். மூடுபனி நாட்களில் வெளிப்பெட்டியின் கம்பிச்சுருளில் வெள்ளையாக உறைபனி படியும். அப்போது இயந்திரம் தானே சில நிமிடம் திரும்பி ஓடி அதை உருக்கும், அதுவரை சூடு வராது. முதல் தடவை பால்கனியில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்து "போச்சுடா, புது ஏசி!" என்று மெக்கானிக்குக்கு போன் செய்தேன். அவர் சிரித்ததை இங்கே எழுத முடியாது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், ஏசி இப்போதுதான் வாங்கியவர்கள் என்ன செய்வது? அதை நான் அலட்சியமாகச் சொல்லிவிட முடியாது. நல்லா ஓடுகிற ஏசியைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. அடுத்த முறை மாற்றும்போது கூடுதலாகக் கொஞ்சம் கொடுத்து இதை வாங்குங்கள் என்கிறேன், அவ்வளவுதான். அதுவரை ஜன்னல் இடுக்கில் ஸ்பான்ஞ் பட்டை ஒட்டுங்கள். மூடிய அறையில் அங்கீட்டி என்கிற கரியடுப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். கரிப்புகையில் மூச்சடைத்துச் செத்தவர்களின் செய்தி இங்கே வருஷா வருஷம் வருகிறது.

அம்மா இப்போது ரிமோட்டைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். 22க்கு வைக்கச் சொன்னால் காலையில் பார்க்கும்போது 27ல் இருக்கிறது.