மேக்ரோ லென்ஸ் வாங்குமுன் இடைவெளியைக் கேளுங்கள்

மேக்ரோ லென்ஸ் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எது ஷார்ப்பா இருக்கும்?" என்பதுதான். அதில் மண்டையை உடைத்துக்கொள்ளவே வேண்டாம். கேனான், நிக்கான், டாம்ரான், சிக்மா என்று எதை எடுத்தாலும் 1:1 (பூச்சியின் நிஜ அளவே கேமரா சென்சாரில் விழுவது) தரும் லென்ஸ்கள் எல்லாமே நன்றாகத்தான் இருக்கின்றன. நீங்கள் கேட்க வேண்டியது, 1:1 அளவில் எடுக்கும்போது லென்ஸின் முனைக்கும் பூச்சிக்கும் நடுவில் எத்தனை சென்டிமீட்டர் மிஞ்சும் என்று.

லென்ஸ் பெட்டியில் போட்டிருக்கும் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரத்தை நம்பாதீர்கள், அதை சென்சாரிலிருந்து அளக்கிறார்கள். நிக்கான் 40 எம்எம் மைக்ரோவுக்கு 16.3 செ.மீ. என்று இருக்கும், கேமராவும் லென்ஸும் அடைக்கும் இடம் போக கையில் நிற்பது சுமார் 4 செ.மீ. தான். பூவுக்கும் நாணயத்துக்கும் அது போதும். கொய்யா இலையில் உட்கார்ந்திருக்கும் குதிக்கும் சிலந்திக்குப் போதாது, லென்ஸின் நிழல் மேலே விழுந்ததுமே இலைக்கு அடியில் போய்விடும். முசுறு எறும்பு ஓடாது, லென்ஸ் மேலேயே ஏறி வந்து கடிக்கும். 90 முதல் 105 எம்எம் வரை உள்ள லென்ஸ்களில் மாடலைப் பொறுத்து சுமார் 10 முதல் 15 செ.மீ. வரை இடம் கிடைக்கும், அந்த இடைவெளியில்தான் வெளிச்சமும் உள்ளே போக முடியும். கேனான் 180 எம்எம்மில் இன்னும் தள்ளி நிற்கலாம், ஆனால் ஒரு கிலோவுக்கு மேல் எடை, கையில் பிடித்துக்கொண்டு புதருக்குள் குனிய முடியாது.

அப்புறம், எம்எம் குறைந்த குட்டி லென்ஸ் என்றால் ஆழம், அதாவது முன்னும் பின்னும் தெளிவாக விழும் பகுதி, கூடுதலாகக் கிடைக்கும் என்று நிறைய பேர் சொல்கிறார்கள். உருப்பெருக்கமும் அப்பர்ச்சரும் (லென்ஸுக்குள் வெளிச்சம் போகும் துளை, எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்) ஒன்றாக இருந்தால் எந்த லென்ஸிலும் ஆழம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஃபுல் ஃபிரேம் எனும் பெரிய சென்சார் கேமராவில் 1:1, எஃப் 8 வைத்தால் கிடைப்பது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், அதாவது சிலந்தியின் கண் தெளிவாக விழுந்தால் பின்னங்கால் மங்கிவிடும். சரி, ஆழத்தைக் கூட்ட எஃப் 22 வரை மூடலாமே என்றால், 1:1-இல் அது எஃப் 44 போல வேலை செய்யும், படமே மொத்தமாக மழுங்கிப்போகும். எஃப் 11-ஐத் தாண்டாமல் ஃபிளாஷும் அதன் வெளிச்சத்தை மென்மையாக்கும் ஒரு நல்ல டிஃப்யூசரும் வைத்து எடுப்பதுதான் வழி.

புது மாடலுக்குக் கொட்டும் காசையும் வீண் என்கிறேன். இவ்வளவு கிட்டத்தில், கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷனின் பலன் வெகுவாகக் குறைந்துவிடும், ஆட்டோஃபோகஸும் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். ஃபோகஸை 1:1-இல் நிறுத்திவிட்டு உடம்பை லேசாக முன்னும் பின்னும் நகர்த்தி எடுப்பதுதான் சுலபம், அசைவை ஃபிளாஷ் பார்த்துக்கொள்ளும். இதற்குப் பழைய டாம்ரான் 90 எம்எம் தாராளமாகப் போதும். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள்.

அதுவும் இப்போது முடியாது என்றால், கையில் இருக்கும் 55-250 எம்எம் ஜூம் லென்ஸின் முன்னால் ரேநாக்ஸ் டிசிஆர்-250 எனும் க்ளோஸ்-அப் கண்ணாடியை மாட்டுங்கள். 250 எம்எம்மில் 2 மடங்கு உருப்பெருக்கம் வரும், இடைவெளியும் சுமார் 10 செ.மீ. கிடைக்கும்.